குடக்கூலிக்கு இருக்கிறேன் என்றார் அக்கா

"அந்தச் சுவத்து மேல வெச்சி புடிச்சிக்கோங்கம்மா" என்று சொல்லி, டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார் முனிசிபாலிட்டிக்காரர்.

புளி கரைத்துக்கொண்டிருந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். மெழுகு பூசிய துணி டேப். எத்தனையோ வீட்டுச் சுவர்களில் உரசி உரசி, ஆரம்பத்து எண்கள் அழிந்து போயிருந்தன. நான் வாசல் பக்கம் பிடித்துக்கொள்ள, அவர் மறுமுனையை இழுத்தபடி கூடத்தைக் கடந்து முற்றம் வரை போனார். பிறந்ததிலிருந்து நான் எத்தனையோ விஷயங்களை அளந்திருக்கிறேன், நெல், பால், பாவாடைத் துணி. வீட்டை அளப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுப்பில் சோறு பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. டேப்பை விட்டுவிட்டு ஓடினேன். "நீங்க பாருங்கம்மா, பின்கட்டை நானே அளந்துக்கறேன்" என்று அவர் உள்ளே போனார்.

பின்கட்டில் அக்கா நெய்துகொண்டிருந்தார். முனிசிபாலிட்டிக்காரர் ஏதோ கேட்டார். தறிச் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. அக்கா ஏதோ சொன்னார். மறுபடியும் தறி ஓட ஆரம்பித்தது.

அந்த ஒரு நிமிஷத்தில் சொன்ன பதில் எங்கள் வீட்டையே புரட்டிப் போடும் என்று, சோற்றை வடித்துக்கொண்டிருந்த எனக்கு எப்படித் தெரியும்?

ஏரிக்காரியும் வீட்டு வரியும்

நான் தென்னேரிக்காரி. எங்கள் ஊரில் வரி என்றால் நிலத்துக்குத்தான். அறுவடை முடிந்ததும் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிஸ்தி கட்டப் போவார். ஏரி நிறைந்த வருஷம் சிரித்த முகமாகப் போவார். ஏரி காய்ந்த வருஷம் முகத்தைப் பார்க்கவே முடியாது. நிலம் விளைகிறது, அதனால் வரி என்று எனக்குப் புரிந்தது. வீடு என்ன விளைகிறது?

கல்யாணமாகிச் சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்த புதிதில் இதை என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் பெயர் ஏகாம்பரம். ஒரு பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். பஸ் ஒரு நிமிஷம் தாமதமாக வந்தாலும் டிரைவரை நிறுத்தி வைத்து விசாரிக்கிற ஆள். எதையும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பார்.

"இந்த வூட்டை வாடகைக்கு வுட்டா வருஷத்துக்கு இன்னா வரும்னு ஒரு மதிப்பு போடுவாங்க. அதை வெச்சித்தான் வரி."

"நாமதான் வாடகைக்கு விடலையே?"

"வுட்டா வரும்ல? அதான் கணக்கு."

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. நாம் குடியிருக்கும் வீட்டில் வேறு யாரோ குடியிருப்பதாக நினைத்துக்கொண்டு, அவர்கள் என்ன வாடகை கொடுப்பார்கள் என்று யோசித்து, அதில் ஒரு பங்கை நாம் கட்டுவது! குழாயடியில் இதைச் சொன்னபோது எதிர்வீட்டு நாகம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். தெலுங்கு பேசும் வீட்டுப் பெண். தமிழை ஒரு ராகத்தோடு பேசுவாள். "மழை பேஞ்சா எங்க வூட்டுக்குள்ளாறயே குளிக்கலாம். அதுக்கு யாரும்மா வாடகை தருவா? நான்தான் அவங்களுக்குத் தரணும்."

தெரு விளக்கு, குழாய்த் தண்ணீர், சாக்கடை, நூலகம் எல்லாமே அந்த வரியில்தான் நடக்கிறது என்று தெரிந்ததும் எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரு விளக்கின்மேல் தனிப் பாசம் வந்துவிட்டது. மாலையில் விளக்கு எரிகிறதா என்று வாசலில் நின்று பார்ப்பார். எரியாவிட்டால் மறுநாள் காலை முதல் வேலை, சைக்கிளை எடுத்துக்கொண்டு புகார் சொல்லப் போவதுதான்.

சில வருஷங்களுக்கு ஒருமுறை ஊர் முழுக்க வீடுகளை மறுபடி அளந்து மதிப்பை மாற்றுவார்கள். நான் முதலில் சொன்ன டேப் அப்படி வந்ததுதான்.

பின்கட்டில் ஒரு தறி

ஜெகதாம்பாள் என் வீட்டுக்காரரின் அக்கா. எனக்கு நாத்தனார், நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். உடன்பிறந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே.

அக்காவை ஐயம்பேட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த மனிதர் வியாபாரத்துக்கு என்று பெங்களூர் போனார். முதலில் கடிதம் நின்றது, பிறகு பணம் நின்றது, கடைசியில் அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்ற செய்தி வந்தது. அக்கா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. அது நான் வருவதற்கு முந்திய கதை. ஒரு தகரப் பெட்டியும், பிரித்துக் கட்டிய தறியுமாக மாட்டு வண்டியில் வந்து இறங்கினாராம். மாமியார் அப்போதே இல்லை. மாமனார் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். மறுநாள் காலையில் கடப்பாரையை எடுத்து, பின்கட்டில் தறிக்குக் குழி தோண்ட ஆரம்பித்தாராம்.

அந்த வீடு மாமனார் தன் கையால் நெய்து சம்பாதித்துக் கட்டியது. என் கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்ச காலத்தில் அவர் காலமானார். உயில் எதுவும் எழுதவில்லை. வீட்டு வரி என் வீட்டுக்காரர் பெயருக்கு மாறியது. அப்பாவுக்குப் பின் பிள்ளை. ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். யாரும் அதைப் பற்றிப் பேசக்கூட இல்லை.

அக்கா தனியாகச் சமைத்துக்கொள்வார். பின்பக்கச் சந்து வழியாகத்தான் போவார், வருவார். அவர் நெய்த புடவையை முதலாளி வீட்டில் கொடுத்துக் கூலி வாங்கி வந்த அன்றைக்கு, என் அடுக்களை அலமாரியில் கொஞ்சம் பணத்தை வைத்துவிட்டுப் போவார். "இருக்கட்டும்க்கா" என்று நான் சொன்னால், "வெச்சிக்கோம்மா சரோஜா" என்பார். குழந்தைகளுக்காகக் கொடுக்கிறார் என்று நினைத்து வாங்கிக்கொள்வேன். அவருக்கோ அது வேறு பணம்.

நோட்டீஸ் வந்தது

புது மதிப்போடு நோட்டீஸ் வந்தபோது நான்தான் படித்தேன். வரி ஏறியிருந்தது. அது எல்லார் வீட்டிலும் ஏறியதுதான். எங்கள் வீட்டுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வாக்கியம் எழுதியிருந்தது. 'பின்பகுதி வாடகைக்கு விடப்பட்டுள்ளது.'

என் வீட்டுக்காரர் இரண்டு தடவை படித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு முனிசிபாலிட்டி ஆபீசுக்குக் கிளம்பினார். போகும்போது இருந்த வேகம் திரும்பி வரும்போது இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நேராகப் பின்கட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"அக்கா, அளக்க வந்தாரே, அவருகிட்ட இன்னா சொன்னே?"

அக்கா நூல் முடிந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. "நீ யாரும்மான்னு கேட்டாரு. சொன்னேன்."

"இன்னான்னு?"

"குடக்கூலிக்கு இருக்கறேன்னு."

"யாருகிட்ட குடக்கூலி?"

"உன்கிட்டதான். மாசா மாசம் சரோஜாகிட்ட குடுக்கறேன்ல?"

அந்த அலமாரிப் பணம் வாடகையா! என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றைக்கும் போடவில்லை. குரல்தான் உடைந்து வந்தது.

"நான் உனக்குத் தம்பியா, வூட்டுச் சொந்தக்காரனா? உன்னை இத்தினி வருஷம் வாடகைக்கா வெச்சிருந்தேன்?"

அக்கா அப்போதுதான் நிமிர்ந்தார்.

"பின்ன இன்னாப்பா சொல்லச் சொல்றே? புருசன் வுட்டுட்டுப் போய்ட்டான், தம்பி வூட்ல ஒட்டிக்கினு இருக்கறேன்னு சொல்லணுமா? டேப்பு புடிக்கிற ஆளுகிட்ட?"

என் வீட்டுக்காரர் திரும்பி முன்வாசலுக்குப் போனார்.

ஒரு வார்த்தையை அடித்தோம்

அதன் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. தம்பி முன்வாசலில், அக்கா பின்வாசலில். நடுவில் நான். குழம்புக் கிண்ணம் கொண்டு போனால் அக்கா வாங்கி வைப்பார். திருப்பித் தரும்போது கிண்ணத்தில் ஏதாவது ஒரு பண்டம் இருக்கும். அந்த மனஸ்தாபத்திலும் கிண்ணத்தை வெறுமையாகத் தரமாட்டார்.

நோட்டீஸுக்கு ஆட்சேபணை இருந்தால் கெடுவுக்குள் மனு கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் மனு எழுதவே மறுத்தார். "அவளே சொல்லிட்டா. நான் இல்லேன்னு எழுதினா அவளைப் பொய்க்காரியாக்கற மாதிரி ஆவும்." கோபத்திலும் அவருக்கு அந்த நினைப்பு இருந்தது.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். நானே உட்கார்ந்து அவர் பெயரில் எழுதினேன். எழுதியதை அக்காவிடம் கொண்டுபோய் வாசித்தேன். 'மேற்படி பின்பகுதியில் என் மூத்த சகோதரி என் ஆதரவில் வசித்து வருகிறார்' என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆதரவுன்னா இன்னாம்மா?"

"உங்க தம்பி உங்களைப் பார்த்துக்கறார்னு..."

"விடியறதுலேர்ந்து குழில காலை வுட்டுக்கினு நெய்யறது யாரு சோத்துக்கு? அடி அதை."

அடித்தேன். 'என்னுடன் வசித்து வருகிறார்' என்று எழுதினேன். அக்கா அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். "உம். அது இருக்கட்டும்" என்றார். அன்று மாலை என் வீட்டுக்காரரும் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

விசாரணை நாள்

மூவரும் முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போனோம். அக்கா தான் நெய்ததில் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தது. "ஆபீசுக்கு எதுக்குக்கா பட்டு?" என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன்.

கூடத்தில் நல்ல கூட்டம். காஞ்சிபுரத்து வீட்டுச் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர், தன் மாட்டுக் கொட்டகையை வரியிலிருந்து எடுக்க வேண்டும் என்று வாதாடினார். "மாடு செத்துப் போச்சுங்க."

"கொட்டகை இருக்குதுல்ல?" என்று அதிகாரி கேட்டார்.

"மாடே இல்லாதப்ப அது எப்படிங்க மாட்டுக் கொட்டகை ஆவும்?"

அதிகாரியே சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எங்களைக் கூப்பிட்டார்கள்.

மனுவைப் படித்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "நீங்க வாடகை கொடுக்கறீங்களாம்மா?"

"குடுக்கறேங்க" என்றார் அக்கா.

"இல்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டு பேர்ல ஒருத்தர் சொல்லுங்க. இந்த வீடு யார் கட்டினது?"

"எங்கப்பா" என்றார்கள் இருவரும். வெகுநாள் கழித்து இருவரும் ஒன்றாகச் சொன்ன வார்த்தை.

"அவருக்கு அவங்கப்பா வழியா வந்த சொத்தா?"

"இல்லீங்க. அவரே தறி நெஞ்சி, சம்பாரிச்சி, மனை வாங்கிக் கட்டினது."

"உயில் எழுதினாரா?"

"இல்லீங்க."

"எப்ப காலமானார்?"

என் வீட்டுக்காரர் சொன்னார். அதிகாரி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அதுக்கு முன்னாடியே சட்டம் மாறிடுச்சேப்பா. அப்பா சுயமா சம்பாதிச்ச சொத்துல, உயில் இல்லேன்னா மகளுக்கும் பங்கு உண்டு. இவங்களும் வாரிசுதான். சொந்த வீட்ல யாராவது குடக்கூலிக்கு இருப்பாங்களா?"

கூட்டத்தில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா புரியாமல் என்னைப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க" என்றார் அதிகாரி, குரலைத் தணித்து. "வரி யார் பேர்ல இருக்குதோ அவங்களுக்குத்தான் வீடுன்னு எல்லாரும் நினைக்கறாங்க. அப்படி இல்ல. பேர் இருக்கறதால சொந்தம் வந்துடாது, இல்லாததால போயிடவும் போகாது. பங்கைத் தீர்மானிக்கற இடம் இது இல்ல. ஆனா வாரிசுங்க ரெண்டு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தீங்கன்னா இங்கே பேரைச் சேர்க்கலாம். வாடகைன்னு போட்டதை எடுத்துடறேன். மத்தது உங்க இஷ்டம்."

கோயில் மதிலோரம்

விசாரணை முடிந்து திரும்பினோம். வரதராஜப் பெருமாள் கோயில் மதிலோரமாக அக்கா முன்னால் நடந்தார். பட்டுப் புடவை வெயிலில் மின்னியது. நாங்கள் இருவரும் பின்னால், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு.

அடுத்த சில நாட்களில் செய்தி தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் ஆளாளுக்கு என் வீட்டுக்காரருக்குப் புத்தி சொன்னார்கள். "பேரைச் சேத்துடாதேப்பா. பெங்களூர்க்காரன் திரும்பி வந்து பாதி வூட்டைக் கேப்பான், பாத்துக்கோ." இன்னொருவர், "உனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது" என்றாராம். அதை அவர் என்னிடம் சொன்னபோது என் மனசிலும் பிள்ளைகளின் முகம் வந்து போனது உண்மை. பாதி வீடு என்பது சின்ன விஷயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து, கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார். "நீ இன்னா சொல்றே சரோஜா?"

"மாமா அந்தத் தறிக்குழியை யாருக்குத் தோண்டினார்?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து கை கழுவினார். துண்டில் துடைத்தபடியே பின்கட்டுக்குப் போனார்.

"அக்கா, நாளைக்கு நீ என்னோட ஆபீசுக்கு வரணும். கையெழுத்துப் போடணும்."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "எனக்கு இன்னாத்துக்குப்பா? நாலு பேரு உன்னைத்தான் ஏமாளிம்பாங்க."

"சொல்லட்டும்."

"உன் புள்ளைங்களுக்கு..."

"அதுங்களுக்கு நான் இருக்கறேன். உனக்கு அப்பா குடுத்ததை நான் வெச்சிக்கினு இருந்தா எனக்குச் சோறு எறங்குமா? தெரியாம இருந்த வரைக்கும் சரி. இப்பத் தெரிஞ்சிப் போச்சே."

அக்கா தறிக்குழியிலிருந்து காலை எடுத்து, மேலே மடக்கி உட்கார்ந்தார். தறியில் நீண்டிருந்த பாவு நூலை வருடினார். பிறகு, "அப்ப வரில பாதி நான் கட்டுவேன். ஒத்துக்கினா வரேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வரி கட்டுவதற்காக அப்படி ஒரு பிடிவாதம் பிடித்த மனுஷியை அந்த ஊர் பார்த்திருக்காது.

இரண்டு பெயர்கள்

பெயர் சேர்ந்து வருவதற்கு நாளாயிற்று. அடுத்த அரையாண்டு வரிக்கு பில் கலெக்டர் வந்தபோது, வாசலில் நின்று, "ஏகாம்பரம், ஜெகதாம்பாள்!" என்று உரக்கப் படித்தார். "ஜெகதாம்பாள் யாருங்க?"

பின்கட்டுத் தறி நின்றது. எப்போதும் பின்சந்து வழியாகவே போய்வரும் அக்கா, அன்று முற்றத்தையும் கூடத்தையும் கடந்து முன்வாசலுக்கு வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பாதி வரியை அவிழ்த்துக் கொடுத்தார். ரசீதை வாங்கியதும் என்னிடம் நீட்டி, "என் பேரு எங்கம்மா இருக்குது?" என்றார். விரல் வைத்துக் காட்டினேன். அந்த எழுத்துகளின் மேல் தானும் ஒருமுறை விரலை ஓட்டிப் பார்த்தார்.

அந்த மாதம் முதல் என் அலமாரியில் பணம் வைப்பதை நிறுத்திவிட்டார். இப்படி ஒரு வரும்படி நின்றுபோனதற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான்.

இன்னொன்றும் நடந்தது. அதுவரை அந்த வீட்டைப் பற்றி அக்கா ஒரு குறைகூடச் சொன்னதில்லை. அவர் அடுப்புக்கு மேலே ஓடு உடைந்து ஒழுகியபோதுகூட, கீழே ஒரு குண்டானை வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார். எனக்கே அது பிறகுதான் தெரிந்தது. இப்போது தினமும் ஒரு புகார். சாக்கடை ஏன் இப்படிச் சாய்ந்திருக்கிறது, முற்றத்துக் கல்லை யார் பெயர்த்தது, வாசல் கதவுக்கு எண்ணெய் போட்டால் என்ன? டைம் கீப்பர் வேலை முடிந்து வந்ததும் அக்காவின் விசாரணை ஆரம்பமாகும்.

அந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது பெரிய சண்டையே வந்தது. தம்பி வெறும் வெள்ளை போதும் என்றார். அக்கா, சுண்ணாம்பில் நீலம் கலக்க வேண்டும் என்று நின்றார். வாளியை வைத்துக்கொண்டு வெள்ளையடிக்கிறவர் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது இன்னா, ஆஸ்பத்திரியா வெள்ளையடிக்க? நம்ம வூட்டுக்கு நீலம்தான். கலக்குப்பா நீ!" என்றார் அக்கா.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். அங்கிருந்தே இருவரின் குரலும் ஏறி ஏறி வருவதைக் கேட்டுக்கொண்டு அரிசி களைந்தேன். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

சாயங்காலம் வாசலில் கோலம் போட வந்து பார்த்தேன். தெருக்கோடி வரை தெரிகிற மாதிரி எங்கள் வீடு நீலமாக நின்றது.